பேறுகாலப் பராமரிப்பில் கணவரின் வன்முறையும் மனச்சோர்வும்: காவிரி டெல்டாவிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

காவிரி டெல்டாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் பரிசோதனைக்கு வரும் கர்ப்பிணிப் பெண் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. மாமியாரோ, தாயாரோ, நாத்தனாரோ, சில நேரம் கணவரோ கூடவே வருகிறார்கள். எடை பார்க்கும் இடத்திலும், இரத்த அழுத்தம் பார்க்கும் மேசையிலும், மருத்துவரின் அறையிலும் அவர்கள் விலகுவதில்லை. துணைக்கு ஆள் இருப்பது நல்லதுதான். பிரசவ அறைக்குள்ளேயே பெண் உறவினர் ஒருவரை உடனிருக்க அனுமதிக்கும் நடைமுறையைத் தமிழ்நாடு பல ஆண்டுகளாகக் கடைப்பிடித்து வருகிறது. அதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் இரண்டு கேள்விகளை மட்டும் அந்தத் துணையின் முன்னால் கேட்கவே கூடாது: வீட்டில் உங்களை அடிக்கிறார்களா என்பது ஒன்று, உயிரோடு இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறதா என்பது மற்றொன்று. கூட ஆள் இருக்கும்போது கேட்டால் விடை கிடைக்காமல் போவது சிறிய இழப்பு. தவறான விடை கிடைத்து, அது பதிவேட்டில் ஏறி, அடுத்து வருபவர் மறுபடி கேட்பதற்கான காரணத்தையே இல்லாமல் ஆக்கிவிடுவதுதான் பெரிய இழப்பு.

இங்கு விவரிக்கப்படும் பெண் ஒரே ஒருவர் அல்லர். வெண்ணாற்றுப் பாசனப் பகுதியில் செவிலியர்களோடு பேறுகால மனநலம் குறித்துப் பேசியும் பயிற்சியளித்தும் வருவதில் அறிய நேர்ந்த பலரின் நிலைமைகளைச் சேர்த்து, எவரையும் அடையாளம் காண முடியாதபடி இடம், வயது, குடும்ப விவரங்களை மாற்றி எழுதப்பட்டது இது. அளவுகோல்கள், சட்டங்கள், ஆய்வு முடிவுகள் ஆகியவை மட்டும் உள்ளது உள்ளபடி தரப்பட்டுள்ளன.

நிகழ்வு

அவருக்கு 24 வயது. இரண்டாவது கர்ப்பம். மூத்தது மூன்று வயதுப் பெண் குழந்தை. கணவர் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கும் தொழிலாளி. குறுவை நெல்லும் சம்பா நெல்லும் வந்து குவியும் மாதங்களில் கையில் காசு புரளும், இடைப்பட்ட மாதங்களில் வேலை இருக்காது. மாமனார் குத்தகைக்கு நிலம் பயிரிடுபவர். அப்பெண் நடவு, களையெடுப்பு வேலைகளுக்குப் போய்க்கொண்டிருந்தவர். கர்ப்பம் உறுதியானபின் நிறுத்திவிட்டார்.

கர்ப்பத்தைப் பதிவு செய்ய அவர் வந்ததே 17-ஆவது வாரத்தில்தான். கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது அரசு தரும் அடையாள எண்ணான பிக்மி எண் வாங்க ஏன் இவ்வளவு தாமதம் என்று கிராம சுகாதார செவிலியர் கேட்டபோது, ஆதார் அட்டை கணவரிடம் இருந்தது என்று மாமியார் பதில் சொன்னார். ஹீமோகுளோபின் 8.4 கிராம். அன்றைக்கே மனநலப் பரிசோதனைக்கான பத்துக் கேள்விகளும் கேட்கப்பட்டன. மாமியார் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருந்தார். வரிசையில் இன்னும் பலர் காத்திருக்க, கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக உரக்கப் படிக்கப்பட்டன. எல்லாவற்றுக்கும் 'அப்படியெல்லாம் இல்லை' என்பதே விடை. மொத்த மதிப்பெண் 2 என்று குறிக்கப்பட்டது. வன்முறை குறித்த கேள்விக்கு எதிரே 'இல்லை' என்று எழுதப்பட்டது. அக்கேள்வி கேட்கப்பட்டதா என்பது தெரியவில்லை.

அடுத்த வருகையில் தலைவலி, தூக்கமின்மை, அடிவயிற்றில் வலி என்றார். சிறுநீர்ப் பரிசோதனை இயல்பாக இருந்தது. இரும்புச்சத்து மாத்திரைகளைச் சாப்பிடவில்லை. ஏன் என்றால் பதில் இல்லை. எடை ஏறவில்லை. இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒரு விளக்கம் உண்டு, டெல்டாவின் எந்த நிலையத்திலும் இப்படிப்பட்ட கர்ப்பிணிகளைப் பார்க்கலாம். ஆனால் தாமதமான பதிவு, காரணம் பிடிபடாத வலி, மாத்திரை உண்ணாமை, எடை ஏறாமை, கேட்ட கேள்விக்கெல்லாம் வேறொருவர் பதில் சொல்வது ஆகியவை ஒரே பெண்ணிடம் சேர்ந்து காணப்படும்போது, அதற்கு 'இரத்தசோகை' என்று மட்டும் பெயரிட்டு நிறுத்திக்கொள்ளக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட கர்ப்பகாலப் பராமரிப்புப் பரிந்துரைகளில், வன்முறையால் உண்டாகக்கூடிய அல்லது வன்முறையால் சிக்கலாகக்கூடிய நிலைகளைக் காணும்போது அதைப் பற்றி விசாரிப்பதைத் தீவிரமாகக் கருத வேண்டும் என்று சொல்வது இத்தகைய பெண்ணை மனத்தில் கொண்டுதான்.

மாத்திரையால் பயனில்லை என்பதால் சிரை வழியாக இரும்புச்சத்து ஏற்ற முடிவு செய்யப்பட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து, சலைனில் கலந்த மருந்து ஏறி முடிந்த பின்னும் சற்று நேரம் படுத்திருந்து போக வேண்டும். முதல் நாள் மாமியார் கூட இருந்தார். இரண்டாம் முறை, அங்கன்வாடியிலிருந்து மூத்த குழந்தையை அழைத்துவர வேண்டியிருந்ததால் அவர் பாதியில் கிளம்பினார். ஊசி ஏற்றுவதற்காகச் செவிலியர் கையில் ரப்பர் பட்டையைக் கட்டும்போது, அப்பெண் சட்டென்று ரவிக்கையின் கையைக் கீழே இழுத்துவிட்டார். மேல்கையின் உட்பக்கம், அக்குளுக்குச் சற்றுக் கீழே, மஞ்சளும் பச்சையுமாக நான்கு தடங்கள் வரிசையாக இருந்தன. வெளிப்பக்கத்தில் தனியாக ஒன்று. அடிபம்பில் இடித்துக்கொண்டதாகச் சொன்னார்.

கன்னிப்போன காயத்தின் நிறத்தை வைத்து அது எத்தனை நாள் பழையது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் மேல்கையின் உட்பக்கம் அடிபம்பில் இடிக்கிற இடம் அன்று. செவிலியர் அதைச் சொல்லவில்லை. ஊசியை ஏற்றி, சொட்டு விழும் வேகத்தைச் சரிசெய்து, திரையை இழுத்துவிட்டு, கட்டிலருகே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அவர் சொன்னதை அவருடைய வார்த்தைகளிலேயே தருவது பயனுள்ளது:

"இங்க வர்ற எல்லாப் புள்ளத்தாச்சிகிட்டயும் இதக் கேக்குறோம்மா, உங்கிட்ட மட்டும் இல்ல. வயித்துல புள்ளையோட இருக்கையில வீட்டுல சண்ட சச்சரவுன்னா அது தாயையும் புள்ளையையும் ரெண்டு பேரையும் பாதிக்கும். உன் வீட்டுக்காரர் கோவத்துல உன்ன அறைஞ்சது, புடிச்சுத் தள்ளுனது, கழுத்தப் புடிச்சதுன்னு எதாச்சும் உண்டா? நீ சொல்றத உங்க அத்தைகிட்டயோ அவர்கிட்டயோ நான் சொல்ல மாட்டேன். உன் உசுருக்கே ஆபத்துன்னு தோணுனா மட்டும் டாக்டர்கிட்ட பேசுவேன், அதையும் உங்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்."

நெடுநேரம் பதில் இல்லை. பிறகு, "அடிக்கல்லாம் மாட்டாங்க சிஸ்டர். குடிச்சிட்டு வந்தா கை நீட்டுவாங்க, அவ்வளவுதான்" என்றார். செவிலியர் குறுக்கிடவில்லை. "போன மாசம் ஒரு தடவ கழுத்தப் புடிச்சாங்க. கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. பாப்பா முழிச்சிக்கிட்டு அழுதா, விட்டுட்டாங்க."

பொதுவாக 'உங்களுக்கு வீட்டில் வன்முறை நடக்கிறதா' என்று கேட்டிருந்தால் இந்தப் பதில் வந்திருக்காது. நடந்த செயலைப் பெயர் சொல்லிக் கேட்டதும், எல்லோரிடமும் கேட்பதாகச் சொன்னதும், எவரிடம் சொல்லப்படாது என்பதைக் குறிப்பாகச் சொன்னதும், இரகசியத்தின் எல்லை எதுவென்பதை முன்கூட்டியே மறைக்காமல் சொன்னதும் சேர்ந்துதான் அந்த வாயைத் திறக்க வைத்தன.

அன்றே, மருந்து ஏறி முடிவதற்குள், பத்துக் கேள்விகளும் மீண்டும் கேட்கப்பட்டன. மதிப்பெண் 18. கடைசிக் கேள்வியான தனக்குத்தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணத்துக்கு 'சில நேரங்களில்' என்றார்.

இரண்டுக்கும் பதினெட்டுக்கும் இடையே

எடின்பரோ பேறுகால மனச்சோர்வு அளவுகோல் 1987-இல் வெளியானது. கடந்த ஏழு நாட்களில் எப்படி இருந்தீர்கள் என்பதைப் பற்றிய பத்துக் கேள்விகள்; ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை; மொத்தம் 30. பொதுவாக 13-உம் அதற்கு மேலும் வந்தால் மனச்சோர்வு நோய் இருக்க வாய்ப்புண்டு என்று கொள்வர். ஒருவரையும் தவறவிடக் கூடாது என்று கருதும் இடங்களில் 10-ஐயே எல்லையாக வைப்பதும் உண்டு. பத்தாவது கேள்விக்குச் சுழியம் தவிர வேறு எந்த விடை வந்தாலும், மொத்தம் எவ்வளவாக இருந்தாலும், அன்றே பேசியாக வேண்டும். உடற்சோர்வு, பசி போன்று கர்ப்பத்தாலேயே வரக்கூடியவற்றை இந்தக் கேள்விகள் பெரும்பாலும் தவிர்த்துவிடுவதால் கர்ப்பிணிகளுக்கு இது பொருந்துகிறது. இதன் தமிழ் வடிவமும் சரிபார்க்கப்பட்டுப் பயன்பாட்டில் உள்ளது.

ஆகவே அளவுகோலில் குறையில்லை. ஒரே பெண், ஒரே பத்துக் கேள்விகள். மாறியது நாற்காலியில் யார் அமர்ந்திருந்தார் என்பதும், கேட்டவர் அவசரத்தில் இருந்தாரா என்பதும்தான். இடைப்பட்ட வாரங்களில் நிலைமை மோசமாகியிருக்கலாம் என்று வாதிடலாம். ஆனால் அவரே பின்னர் சொன்னபடி, தூக்கம் கெட்டதும் சாக வேண்டும் என்ற எண்ணமும் கர்ப்பம் தெரியவந்த நாளிலிருந்தே இருந்தன. மாமியார் பக்கத்தில் இருக்கும்போது, 'மனம் வருந்தி அழுகை வருகிறதா' என்று கேட்டால், வருகிறது என்று சொல்வதே ஒரு குற்றச்சாட்டாகிவிடும்: உன்னை நாங்கள் என்ன செய்துவிட்டோம் என்ற கேள்வி வீடு திரும்பும் பேருந்திலேயே வந்துவிடும்.

வன்முறையைத் தனியாகவும் மனச்சோர்வைத் தனியாகவும், வெவ்வேறு நாளில் வெவ்வேறு ஆள் கேட்கும் ஏற்பாட்டை நான் ஏற்கத் தயங்குவதும் இதனால்தான். உலகெங்கும் வெளியான ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் வந்த ஓர் ஆய்வு, கர்ப்ப காலத்தில் கணவரின் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் மனச்சோர்வு ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ மும்மடங்கு என்று காட்டியது. நம் மாநிலத்தின் நிலையை அறிய வேலூர் மாவட்டம் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் நடத்தப்பட்டு 2002-இல் வெளியான ஆய்வு உதவுகிறது: அங்கே பேறுகாலத்துக்குப்பின் புதிதாக மனச்சோர்வு கண்டவர்கள் 11 விழுக்காடு, வறுமை, ஆண் குழந்தையை எதிர்பார்த்திருக்கப் பெண் குழந்தை பிறப்பது, மாமியாரோடும் பெற்றோரோடும் உள்ள உறவில் சிக்கல், வீட்டு வேலையில் உதவி இல்லாமை ஆகியவை அதனோடு பிணைந்திருந்தன. மதிப்பெண் 18 என்று மட்டும் தெரிந்து மாத்திரை கொடுத்து அனுப்பினால், கழுத்தை நெரிக்கும் கையோடு அப்பெண்ணை வீட்டுக்கு அனுப்புகிறோம். வன்முறை மட்டும் தெரிந்து சட்டத்தைச் சொல்லி அனுப்பினால், எழுந்து நடக்கவே மனம் இல்லாதவரிடம் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்கிறோம்.

தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21) கணக்குப்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குட்பட்ட, திருமணமான பெண்களில் 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறையை எப்போதாவது சந்தித்தவர்கள். நாடு முழுமைக்குமான கணக்கு 29. உடல், பாலியல் வன்முறையைச் சந்தித்தவர்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் அதை எவரிடமும் சொன்னதுமில்லை, உதவி கேட்டதுமில்லை என்பதையும் அதே ஆய்வு காட்டுகிறது. அப்படிப்பட்ட ஒரு பெண் தம் வாழ்நாளில் அரசு ஊழியர் ஒருவரை மீண்டும் மீண்டும் சந்திக்கும் ஒரே காலம் பேறுகாலம்.

கேட்டபின் செய்தது

கேட்பதற்கு முன்பே, கேட்டபின் என்ன செய்வது என்பது தெரிந்திருக்க வேண்டும். வன்முறை பற்றி எல்லாப் பெண்களிடமும் கட்டாயமாகக் கேட்பதால் அடையாளம் காணப்படுவோர் எண்ணிக்கை கூடுகிறது, ஆனால் அதனால் மட்டும் வன்முறை குறைவதாகச் சான்றில்லை என்று பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் மீளாய்வு 2015-இல் சொன்னது. அமெரிக்க வல்லுநர் குழு 2018-இல் கருவுறும் வயதுப் பெண்கள் அனைவரிடமும் கேட்கச் சொல்ல, உலக சுகாதார நிறுவனமோ தனிமை, பயிற்சி, இரகசியம், அனுப்பிவைக்க ஓரிடம் ஆகியவை உள்ள இடத்தில் கேளுங்கள் என்று நிறுத்திக்கொள்கிறது. டெல்டாவின் நிலையங்களுக்கு இரண்டாவதே பொருந்தும் என்பது என் கருத்து. மாதந்தோறும் இத்தனை பேரிடம் கேட்டோம் என்று மேலே அனுப்ப வேண்டிய இலக்காக இது மாறினால், எல்லாக் கட்டங்களிலும் 'இல்லை' என்று நிரம்பிய பதிவேடுதான் மிஞ்சும்.

மருத்துவ அலுவலர் வந்து முதலில் கழுத்தைப் பார்த்தார். குரல் மாற்றம், விழுங்குவதில் வலி, மயக்கம் உண்டா என்று கேட்டார். குழந்தையின் இதயத்துடிப்பைப் பார்த்தார். கழுத்தை நெரித்தல் ஒருமுறை நடந்திருந்தாலும் அது பின்னாளில் கொலையில் முடியும் வாய்ப்பைப் பன்மடங்கு கூட்டுகிறது என்பது நன்கு நிறுவப்பட்ட உண்மை. அறைவதும் கழுத்தைப் பிடிப்பதும் ஒரே தட்டில் வைக்கத்தக்கவை அல்ல என்பதைச் செவிலியர் பயிற்சியில் நாங்கள் மிகவும் அழுத்திச் சொல்வோம். காயங்களின் இடம், அளவு, நிறம், அவர் சொன்ன சொற்கள் ஆகியவை நிலையத்தின் குறிப்பேட்டில் எழுதப்பட்டன. அவர் கையில் எடுத்துச் செல்லும் தாய்-சேய் நல அட்டையில் எதுவும் எழுதப்படவில்லை. அந்த அட்டை வீட்டில் எல்லோர் கையிலும் புரள்கிறது. அதில் ஒரு சொல் போதும், அடுத்த அடிக்குக் காரணமாகிவிட.

தற்கொலை எண்ணம் பற்றி நேரடியாகக் கேட்டார்கள். திட்டம் எதுவும் இல்லை. மகளை நினைத்து ஒதுக்கிவிடுவதாகச் சொன்னார். ஆனால் மாமனாரின் பூச்சிமருந்து மாட்டுக்கொட்டகைச் சுவரில் எட்டும் உயரத்தில் இருந்தது. டெல்டாவில் பயிர் செய்யும் எந்த வீட்டிலும் பூச்சிமருந்து எங்கே இருக்கிறது என்ற கேள்வியைக் கேட்காமல் விடக் கூடாது. மூன்று வயதுக் குழந்தை எடுத்துவிடும் என்று சொல்லி, அதை வயலில் உள்ள மோட்டார் கொட்டகையில் வைத்துப் பூட்டச் செய்யும்படி அவருக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டது. சொன்னது பொய்யுமன்று, சந்தேகத்துக்கு இடமும் இல்லை. மாமனார் அவ்வாறே செய்தார்.

பாதுகாப்புத் திட்டம் எளிமையானது. பெண்கள் உதவி எண்ணான 181, ஆம்புலன்சுக்கான 108 ஆகியவை துண்டுச் சீட்டில் எழுதித் தரப்படவில்லை, மனப்பாடம் செய்யவைக்கப்பட்டன. மனநல உதவிக்கான 14416 என்ற டெலிமானஸ் எண்ணும் அவ்வாறே. ஆதார், குடும்ப அட்டை, தாய்-சேய் அட்டை ஆகியவற்றின் நகல்கள் தாயாரிடம் போய்ச் சேர்ந்தன. இரவில் ஓட வேண்டிவந்தால் எந்த வீட்டுக்கு என்பதை அவரே சொன்னார்: தெருமுனையில் இருக்கும், கணவரின் சொந்தச் சித்தி வீடு. செவிலியருக்கு இது வியப்பாக இருந்தது. புகுந்த வீட்டு உறவு எல்லாம் ஒரே பக்கம் நிற்கும் என்று நாம் முன்கூட்டி முடிவு செய்வது தவறு; எங்கே கதவு திறக்கும் என்பது அந்தப் பெண்ணுக்குத்தான் தெரியும்.

சட்டமும் சொல்லப்பட்டது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் உடலால் மட்டுமன்றிச் சொல்லால், பணத்தைப் பறிப்பதால் செய்யும் கொடுமையையும் வன்முறை என்றே கொள்கிறது. குடியிருக்கும் வீட்டிலிருந்து, சட்ட நடைமுறையின்றி, அவரை வெளியேற்ற முடியாது. பாதுகாப்பு அலுவலர் மூலம் நீதித்துறை நடுவரிடம் போகலாம். உதவி கேட்டு வந்தால் மருத்துவ நிலையம் சிகிச்சை மறுக்க முடியாது. கணவரின் கொடுமை பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆவது பிரிவின்கீழ் தண்டனைக்குரியது. இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு, இப்போது புகார் வேண்டாம் என்றார். அவ்வாறே விடப்பட்டது. சுகாதார நிலையத்தின் தொலைபேசியிலிருந்து வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் ஒருங்கிணைந்த சேவை மையத்தின் ஆலோசகரோடு பேச மட்டும் ஒப்புக்கொண்டார்.

கணவரைக் கூப்பிட்டுப் பேசலாமா?

நிலையத்திலேயே இதில் கருத்து வேறுபாடு எழுந்தது. மூத்த ஊழியர் ஒருவர், கணவரை வரவழைத்து நாலு வார்த்தை புத்தி சொன்னால் சரியாகிவிடும், குடியை விட்டால் எல்லாம் தீரும் என்றார். நல்லெண்ணத்தோடு சொன்னதுதான். ஊரில் ஒரு பிணக்கு என்றால் பெரியவர்கள் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி முடிப்பது நமக்குப் பழகிய வழி. பங்காளிச் சண்டைக்கும் வரப்புத் தகராறுக்கும் அது பொருந்தலாம். இங்கே பொருந்தாது என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

பேசி முடிக்கும் இடத்தில் இரு தரப்பும் பேச முடிய வேண்டும். கழுத்தைப் பிடித்தவர் எதிரே அமர்ந்திருக்க, பிடிக்கப்பட்டவர் என்ன பேசுவார்? கணவரை வரவழைத்த அந்தக் கணமே மனைவி வெளியே சொல்லிவிட்டார் என்பது அவருக்குத் தெரிந்துவிடுகிறது; புத்திமதி முடிந்து இருவரும் ஒரே வண்டியில் வீடு திரும்புகிறார்கள். அதன்பின் அப்பெண்ணைப் பரிசோதனைக்கே அனுப்பாமல் நிறுத்திவிட்டால், இரத்தசோகைக்கான மருந்தும் நின்றுபோகும். குடியைப் பொறுத்தவரையும் விசாரித்தபோது வேறொரு படம் கிடைத்தது. குடிக்காத நாட்களிலும் மனைவியின் செல்பேசியைக் கணவர் சோதித்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் முதல் குழந்தைக்கு வந்த தவணைப் பணம் அவர் பெயரிலுள்ள கணக்கில்தான் விழுந்தது என்றாலும், ஏடிஎம் அட்டை கணவரின் பையில் இருந்தது. குடி அடியைக் கடுமையாக்கியது. அதிகாரம் குடியிலிருந்து பிறக்கவில்லை. குடிநோய்க்குச் சிகிச்சை தேவைதான். அதை மனைவியின் வாக்குமூலத்தோடு முடிச்சுப் போடாமல், தனியாக, வேறொரு வழியில் கொண்டுசெல்ல வேண்டும்.

செவிலியரின் பாதுகாப்பும் இதில் அடங்கும். கிராம சுகாதார செவிலியர் துணை சுகாதார நிலையத்தில் பெரும்பாலும் தனியாகப் பணிபுரிபவர், அதே தெருக்களில் நடப்பவர். 'என் பெண்டாட்டிக்குச் சொல்லிக்கொடுத்தது யார்' என்று ஒருவர் வாசலில் வந்து நின்றால் அவருக்குத் துணை யார் என்பதை முன்பே தீர்மானிக்காமல் கேள்வி கேட்கச் சொல்வது நியாயமன்று. இங்கு மருத்துவ அலுவலர் தெளிவாகச் சொன்னார்: கேள்வி கேட்பது நிலையத்தின் நடைமுறை, எந்தச் செவிலியரின் சொந்த விருப்பமும் அன்று, எவர் வந்து கேட்டாலும் தம்மிடம் அனுப்புங்கள் என்று. அந்தச் சொல் கிடைத்தபின் கேட்கும் செவிலியர்களின் குரலே மாறியது.

சிகிச்சை

மாவட்ட மனநலத் திட்டத்தின் மனநல மருத்துவர் அவரைப் பார்த்து, செர்ட்ரலின் மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்கி 50 மில்லிகிராமாக உயர்த்தினார். கர்ப்பத்திலும் பாலூட்டும் காலத்திலும் அதிகம் ஆராயப்பட்ட மனச்சோர்வு மருந்துகளில் அது ஒன்று. தாய்ப்பாலில் மிகக் குறைந்த அளவே கலக்கிறது. வீட்டில் கேள்வி எழாதபடி மற்ற சத்து மாத்திரைகளோடு ஒரே காகித உறையில் அது வழங்கப்பட்டது.

மாத்திரையைவிட அதிகம் வேலை செய்தது சலைன் ஏறும் அந்த நேரம் என்பது என் கணிப்பு. ஒரு நாள் விட்டு ஒரு நாள், கேள்வி கேட்பாரின்றி, திரைக்குப் பின்னால் கிடைத்த நேரம் அது. பாகிஸ்தானின் கிராமப்புறத்தில் மனச்சோர்வுற்ற கர்ப்பிணிகளுக்கு ஊர்ச் சுகாதாரப் பணியாளர்களே வீடுதேடிச் சென்று அளித்த உரையாடல் சிகிச்சையின் முடிவுகள் 2008-இல் வெளியாயின: குழந்தை பிறந்து ஆறு மாதத்தில், அச்சிகிச்சை பெற்றவர்களில் 23 விழுக்காட்டினரும் பெறாதவர்களில் 53 விழுக்காட்டினரும் மனச்சோர்வோடு இருந்தனர். அதைச் செய்தவர்கள் மனநல மருத்துவர்கள் அல்லர். நம் செவிலியரும் அதே வழியில் சிறு சிறு அடியாக நடந்தார்: தன்னைத் தாழ்த்தும் எண்ணம் எப்போது எழுகிறது என்று கவனிப்பது, அதை வேறுவிதமாகப் பார்க்க முடியுமா என்று யோசிப்பது, அடுத்த முறைக்குள் செய்து பார்க்க ஒன்றைத் தேர்வது. ஒருமுறை அப்பெண் தேர்ந்தது, தான் சாப்பிடும் தட்டில் ஒரு முட்டையாவது தனக்கென்று வைத்துக்கொள்வது.

இடம்பெயர்தல்

ஏழாம் மாதத்தில் தாயார் வந்து அழைத்துப்போனார். கொள்ளிடத்துக்கு வடக்கே, வேறு மாவட்டம். பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் நம் வழக்கம் இப்பெண்ணுக்கு உண்மையிலேயே காப்பாக அமைந்தது. ஆனால் பராமரிப்பின் தொடர்ச்சி அறுபடுவதும் அங்கேதான். பிக்மி எண்ணைத் தட்டினால் ஹீமோகுளோபின் அளவு புது நிலையத்தில் தெரியும், தடுப்பூசி தெரியும். திரைக்குப் பின்னால் அவர் சொன்னது தெரியாது, தெரியவும் கூடாது. அவருடைய சம்மதம் கேட்டு, என்னென்ன சொல்லலாம் என்பதையும் கேட்டு, செவிலியர் அந்தப் பக்கத்துச் செவிலியரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினார். மனச்சோர்வையும் மாத்திரையையும் சொல்லலாம், கழுத்தைப் பிடித்ததைச் சொல்லலாம், காசு விஷயம் வேண்டாம் என்பது அவர் விருப்பம். அதன்படியே சொல்லப்பட்டது.

38-ஆவது வாரத்தில் 2.6 கிலோ எடையில் பெண் குழந்தை பிறந்தது. இரண்டாவதும் பெண் என்பதால் அடுத்த வாரங்களில் கூடுதல் கவனம் தேவை என்று புது நிலையத்துக்கு முன்பே சொல்லிவைத்திருந்தார்கள். கணவர் குழந்தையைப் பார்க்க வந்த அன்று அந்தப் பகுதிச் செவிலியரும் தாயையும் சேயையும் பார்க்கவென்று வந்து உட்கார்ந்திருந்தார். ஆறாவது வாரத்தில் மதிப்பெண் 11. ஆறாவது மாதத்தில் 7. பத்தாவது கேள்விக்குச் சுழியம்.

வன்முறை முற்றிலும் நின்றுவிடவில்லை. ஐந்தாம் மாதத்தில் புகுந்த வீடு திரும்பியபின் ஒருநாள் இரவு கணவர் மீண்டும் கைநீட்டினார். அப்பெண் குழந்தைகளோடு தெருமுனை வீட்டுக்குப் போய், அங்கிருந்து 181-ஐ அழைத்தார். தாயாரோடு ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு நேரில் சென்று பேசிவிட்டு வந்தார். நீதிமன்றத்தில் மனு கொடுப்பதா என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. வங்கியில் தொலைந்த அட்டைக்கு மாற்றாகப் புது ஏடிஎம் அட்டை வாங்கி, அதைத் தாயாரிடம் கொடுத்துவைத்திருக்கிறார். கணவர் குடிநோய்ச் சிகிச்சைக்கு வரவில்லை.

அந்த நிலையத்தில் மாறியது சிறிது. செவ்வாய்க்கிழமைப் பரிசோதனையில், வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் அறைக்குள் எந்தத் துணையும் வருவதில்லை. கர்ப்பிணியைத் தவிர எவருக்கும் அங்கே அனுமதியில்லை என்று வாசலில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள், கணவருக்கும் மாமியாருக்கும் தாயாருக்கும் ஒரே விதி. பத்துக் கேள்விகளும் வன்முறைக் கேள்வியும் அங்கேதான், ஒருவரே, ஒரே அமர்வில் கேட்கிறார். உள்ளே பேசுவது வெளியே கேட்காதிருக்கச் சன்னலோரம் மின்விசிறி ஒன்று ஓடுகிறது. தனிமை கிடைக்காத நாளில் கேள்வி கேட்கப்படுவதில்லை; 'இல்லை' என்று எழுதாமல், 'கேட்கப்படவில்லை' என்று எழுதி, அடுத்த வருகைக்குத் தள்ளிவைக்கிறார்கள். பேறுகாலத்துக்குப் பின் ஆறாவது வாரத் தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாட்டிமார் மட்டும் வரும் புதன்கிழமைகளில் தாயைப் பார்ப்பதற்கு வழி இன்னும் கண்டாகவில்லை. தடுப்பூசி போட்டபின் குழந்தைக்கு உடனே பால் கொடுக்க வேண்டும், தாய் கட்டாயம் வர வேண்டும் என்று முதல் நாளே வீட்டுக்குச் சொல்லியனுப்பிப் பார்க்கிறார்கள்.